வள்ளத்தை நான் சைக்கிளாக்கினேன்

போன மாதம் நான் தட்டச்சு செய்த ஒரு பொய், பத்தடி அகலத் திரையில் வந்து நின்றது. மண்டபத்தில் நூறு பேராவது அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்ற எனக்கு மட்டும்தான் அது பொய் என்று தெரியும். இல்லை... இன்னொருவனுக்கும் தெரியும். அவன் கடைசி வரிசையில் இருந்தான்.

அங்கே எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் தொழில்கள் தெரியும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. போரில் இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், வகுப்பறைக்குக் கூரை இருக்கவில்லை — அவ்வளவுதான். பிறகு கொடிகாமத்தில் லொறிக்கு மூட்டை ஏற்றினேன். வவுனியாவில் கராஜ். கொழும்பில் சாப்பாட்டுக்கடை. எங்கோ ஒரு கடையில் தமிழ் தட்டச்சும் பழகினேன். பேசுகிற வேகத்துக்கு அடிப்பேன். என்னிடம் உள்ள ஒரே தகைமை அதுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு விரிவுரையாளர் என்னைத் தேடிப் புத்தூருக்கு வந்தார். எந்த வளாகம் என்பது வேண்டாம், பெயரும் வேண்டாம். மாணவர்கள் ‘மிஸ்’ என்பார்கள், நானும் அப்படியே. பல்கலைக்கழக மாணவர்கள் பௌதிகவியலை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் — அல்லது விளங்காமலே எப்படிப் பாஸ் பண்ணுகிறார்கள் — என்பது அவருடைய ஆராய்ச்சி.

“ஒவ்வொருத்தரா இருத்தி, ஒரு கேள்வியைக் குடுத்து, யோசிக்கிறதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லவேணும். நீங்கள் றெக்கோட் பண்ணி, சொன்னதைச் சொன்னபடி ரைப் பண்ணித் தரவேணும்.”

“எனக்குப் பிசிக்ஸ் தெரியாது மிஸ்.”

“அதுதான் வேணும் அண்ணை. தெரிஞ்ச ஆளெண்டா ஃபோர்முலாவைச் சொல்லிப்போட்டு எழும்பிடுவினம். உங்களுக்கெண்டா விளங்கப்படுத்தவேணும்.”

தெரியாது என்பதற்காக எனக்கு வேலை கிடைத்தது அதுதான் முதல்தடவை!

ஒரு நிபந்தனை இருந்தது. மிஸ் அதே மாணவர்களுக்குப் படிப்பிப்பவர். அதனால் பெயரோ குரலோ அவரிடம் போகக்கூடாது. இலக்கம் போட்ட பக்கங்கள் மட்டும். ஒவ்வொரு மாணவரிடமும் நானே சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன் — “உங்கடை பெயர் என்னோடையே நிக்கும்.”

கேள்வி இதுதான். மேசை விளிம்பிலிருந்து ஒரு கல்லை நேரே கீழே விடுகிறோம். அதே கணத்தில் இன்னொரு கல்லைப் பக்கவாட்டில் வேகமாக எறிகிறோம். எது முதலில் நிலத்தில் விழும்?

இரண்டும் ஒன்றாக விழும். எல்லோரும் பட்டென்று சொன்னார்கள். “டியூட்டரியில செய்த பழைய பேப்பர் கேள்வி அண்ணை” என்று சிலர் சிரித்தார்கள். ஒருவர் அது வினாத்தாளில் எத்தனையாவது கேள்வி என்றுகூடச் சொன்னார். சரி, ஏன் ஒன்றாக விழுகிறது? அந்த இடத்தில் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

ஏழாம் இலக்கமும் விசிறியைத்தான் பார்த்தான். குருநகர்ப் பையன். தகப்பனும் இரண்டு தமையன்மாரும் கடற்றொழில்.

“உண்மையைச் சொன்னா, நான் இந்த விடையை நம்பேல்லை அண்ணை. பாடமாக்கினது. சேர் நோட்ஸை வாசிப்பார், நாங்கள் எழுதுவம். விளங்குதா எண்டு அவரும் கேக்கிறேல்லை. விளங்கேல்லை எண்டு நாங்களும் சொல்லுறேல்லை. நல்ல ஒற்றுமை.”

பிறகு பேசவில்லை. அவர்கள் மௌனமாக இருந்தால் நீங்களும் மௌனமாக இருங்கள் என்பது மிஸ்ஸின் கட்டளை. இருந்தேன்.

“பொறுங்கோ அண்ணை... எங்கடை வள்ளத்தை நேரே கரையைப் பாத்து விடுறம். நீரோட்டம் பக்கத்தால இழுக்குது. குருநகரில ஏறவேண்டியது பாசையூரில போய் ஏறும். ஆனா பிந்துறேல்லை! அதே நேரத்துக்குக் கரைக்கு வந்திடும். இழுக்கிறது வேறை, வாறது வேறை...” கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டான். “கல்லும் அப்பிடித்தான்! பக்கத்தால போறது வேறை, விழுறது வேறை. அட, உதுதானே!”

எனக்கும் விளங்கிவிட்டது. எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு பாடம்!

அடுத்த நாள் காலை அவன் சைக்கிள் என் வாசலில் நின்றது. குருநகரிலிருந்து புத்தூருக்கு மிதித்தே வந்திருந்தான்.

“அண்ணை, என்ரை றெக்கோடிங்கை அழிச்சுவிடுங்கோ.”

“ஏன்ரா?”

“சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுக்கினம். நேர்முகம் இருக்கு. நான் குறை சொன்ன சேர்தான் அதில தலைவர். எடுபடாட்டி பொதுப் பட்டத்தோட வெளியிலதான். மேல்படிப்பை மறக்கவேண்டியதுதான்.”

“பெயர் வராதெண்டு சொன்னன்தானே?”

“பெயர் ஏன் அண்ணை? எங்கடை வருசத்தில வள்ளம் இருக்கிறது எனக்கு மட்டும்தான். மிஸ்ஸுக்கும் சொல்லிப்போடாதைங்கோ.”

அவன் சொன்னது சரி. முறைப்பாட்டை யாரும் சொல்லியிருக்கலாம். காட்டிக்கொடுக்கப்போவது வள்ளம்தான். முழுவதையும் அழித்தால் மிஸ் ஏழாம் இலக்கம் எங்கே என்று கேட்பார். முறைப்பாட்டை வெட்டவும் மனம் வரவில்லை — ஒரு பிள்ளை வாய்திறந்து சொன்ன உண்மை. யோசித்தேன். வாசலில் சைக்கிள் நின்றது.

வள்ளத்தைச் சைக்கிள் ஆக்கினேன். நீரோட்டத்தைக் காற்று ஆக்கினேன். குருநகரை மருதனார்மடமும் பாசையூரை இணுவிலும் ஆக்கினேன். ஐந்து நிமிட வேலை. நான் கெட்டிக்காரன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் மிஸ் தன் ஆராய்ச்சியை வளாகத்தில் எடுத்துச் சொன்ன கூட்டத்தில் அந்தப் பக்கம்தான் திரைக்கு வந்தது. முன்வரிசையில் அந்தச் சேர் இருந்தார். திரையில் முதல் பந்தி நோட்ஸைப் பற்றியது. அவருடைய பின்கழுத்து அசையவில்லை. பிறகு மெதுவாக எழுந்தார்.

“நோட்ஸில குறை சொல்லுற பிள்ளையின்ரை விளக்கத்தையும் வாசிப்பம். ‘சைக்கிளை நேரே விடுறம். காத்துப் பக்கத்தால தள்ளுது. மருதனார்மடத்தில இறங்கவேண்டியது இணுவிலில போய் இறங்கும். ஆனா பிந்துறேல்லை.’” கண்ணாடியைக் கழற்றினார். “சைக்கிளின்ரை ரயர் ரோட்டைப் பிடிச்சிருக்கு. அது பக்கத்தால மிதக்குமே? இப்பிடி விளங்கிற பிள்ளைக்கு ஆர் படிப்பிச்சாலும் என்ன?”

மண்டபம் சிரித்தது. பின்வரிசை மாணவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

சொந்த அனுபவத்தால்தான் பாடம் விளங்கும் என்று மிஸ் கட்டியெழுப்பிய முடிவுக்கு அந்தப் பக்கம்தான் தூண். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன்... நின்றேன். மாற்றியது நான்தான் என்று சொன்னால், அசலில் என்ன இருந்தது என்பது அடுத்த கேள்வி. மிஸ்ஸைக் காப்பாற்றினால் பையன் போனான். பையனைக் காப்பாற்றினால் மிஸ் போனார்.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

“சேர், அது சைக்கிள் இல்லை. வள்ளம்!”

எல்லாத் தலையும் திரும்பின. அவன் அதைக் கவனிக்கவேயில்லை. “வள்ளத்துக்கு ரயர் இல்லைத்தானே சேர். தண்ணியோட போகும். முன்பக்கத்தைக் கரைக்கு நேரே பிடிச்சா, நீரோட்டம் இறங்கிற இடத்தைத்தான் மாத்தும், நேரத்தை மாத்தாது. சைக்கிளெண்டா எல்லாமே பிழை சேர், ஆர் உப்பிடி எழுதின—”

அங்கே நின்றான். தான் யார் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு மனிதனின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை நான் ஷெல் அடிக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

சேர் அவன் பக்கம் திரும்பினார்.

“நீரோட்டம் ரெண்டு மடங்காகினா?”

“இறங்கிற இடம் ரெண்டு மடங்கு தள்ளிப் போகும் சேர்.”

“நேரம்?”

“அதேதான்.”

சேர் கதிரையில் இருந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தப் பக்கத்தையே எடுத்திருப்பன் அண்ணை. இப்ப மற்றப் பக்கங்களை ஆர் நம்பிறது?” என்றார். எல்லா ஒலிப்பதிவுகளையும் வேறொருவர் முதலிலிருந்து தட்டச்சு செய்கிறார். என் வேலை அன்றோடு போனது. சரியான தீர்ப்பு.

என் கவலை அதுவல்ல. நேர்முகம்!

அது இந்தத் திங்கட்கிழமை நடந்தது. காலை முழுக்க ஃபோனைக் கையில் வைத்திருந்தேன். தேத்தண்ணியை மூன்று தரம் சூடாக்கி மூன்று தரமும் குடிக்கவில்லை. மத்தியானம் அவன் அழைத்தான்.

“முக்கால் மணித்தியாலம் கேட்டவர் அண்ணை. மற்ற ஆக்களுக்குப் பத்து நிமிசம்தான்.”

“ஐயோ... பிறகு?”

“ரெண்டு கேள்விக்கு விடை தெரியேல்லை. தெரியாதெண்டே சொன்னன். விடேல்லை அண்ணை, கரும்பலகையில கீறு, யோசி, யோசி எண்டு நிண்டவர். ஒருக்காலும் சிரிக்கேல்லை.”

“எடுபட்டியோ இல்லையோ, அதைச் சொல்லடா!”

“எடுபட்டிட்டன்.”

சேர் அவனை மன்னித்தாரா? தெரியாது. அவனுக்கும் தெரியாது. இனி அவரிடம்தான் படிக்கவேண்டும். பயமாகத்தான் இருக்கிறது என்றான். இதை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்கோ அண்ணை, ஆனா இந்தமுறை ஒண்டையும் மாத்திப்போடாதைங்கோ” என்றான்.

எனக்கு ஆராய்ச்சி தெரியாது. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி சொல்வேன். அதன் காதுபடப் பாடத்தைப் பிழையாகச் சொல்லுங்கள். வரப்போகும் ஆபத்தையும் மறந்து எழும்பினால்... பாஸ்!