மழையில்லாத வெள்ளத்துக்கு எந்தக் கட்டம்?

ஆன்லைன் சேவை மையத்தில் ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவளுக்கு, சட்டம் போட்டவர்கள் வாங்கவேண்டிய திட்டும் சேர்ந்தே கிடைக்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒன்பது வருடமாக நான் அதை வாங்கிக்கொண்டிருக்கிறேன். சர்வர் சுற்றுவதைப் பார்த்தே அரை நாள் விடுப்பைத் தொலைத்தவர்களே, ஓடிபி வராமல் செல்போனைத் தட்டித் தட்டிப் பார்த்தவர்களே, இது உங்களுக்குத்தான். படித்துவிட்டு என்னோடு சேர்ந்து கோபப்படுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் வெள்ளம் வர மழை வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விடியற்காலையில் கடலோடு சேர்ந்த காயல், அதாவது உப்பங்கழி, ஏறி, கால்வாய் வழியாக வீட்டுக்குள் நுழையும். வேலியேற்றம் என்போம். எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிடும். முன்பெல்லாம் வாசலோடு நின்றது, இப்போது அடுப்படி வரை வருகிறது.

பனிச்சரிவு உண்டு, காயல் இல்லை

தங்கமணி அக்கா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். வீடு கால்வாய் ஓரம். அவள் கணவர் ஆறுமுகத்துக்குச் சர்க்கரை வியாதி, வலது பாதத்தில் ஆறாத புண். தண்ணீர் ஏறுகிற நாளில் அக்கா கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து, அவரை மேலே உட்காரவைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். அவள் போன பிறகு அவர் கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் அந்த உப்புத் தண்ணீரில் இறங்கித்தான் நடக்கவேண்டும். புண்ணில் தண்ணீர் பட்டால் காலை எடுக்க நேரிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தரையை இரண்டடி உயர்த்த வேண்டும். பேரிடரில் சேதமான வீட்டைச் செப்பனிட மத்திய அரசு தரும் உதவிக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள்.

'சேதத்தின் காரணம்' என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. மழை வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு, சுனாமி. பனிச்சரிவுகூட இருந்தது. நாங்கள் ஐஸையே மீன் பெட்டியில்தான் பார்த்திருக்கிறோம். வேலியேற்றம் இல்லை. 'மற்றவை' என்ற கட்டமும் இல்லை. எதையாவது தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. இப்படி மாட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற வேலை. பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் நானும் 'மழை வெள்ளம்' என்பதைத் தட்டினேன். என்ன போட்டாய் என்று அக்கா கேட்டாள். சொன்னேன்.

"மழையே பெய்யலியே மோளே, பொய்யா எழுதறது?"

ராவுத்தரின் சுனாமி

கனி ராவுத்தருக்கு ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் சுக்கு கோடவுன். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கோடவுன் சுவரில் கரியால் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பவர். அடுத்த ஏற்றம் என்றைக்கு, எவ்வளவு என்று அவரைக் கேட்டால் போதும், வானிலை அறிக்கை தேவையில்லை. அதே வாரம் அவருடைய அடி வரிசை மூட்டைகள் எல்லாம் நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டன. என் முன்னால் வந்து உட்கார்ந்து, நஷ்ட ஈட்டுக்கு 'சுனாமி' என்று போடச் சொன்னார். கடலுக்கடியில் பூமி அதிர வேண்டும், அரசு அறிவிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கடலு கோடவுனுக்குள்ள வந்திருக்கு. சுனாமி இல்லேன்னா பின்ன விருந்துக்கா வந்துச்சு?"

பதினோரு மணி வெயில்

அக்காவின் வீட்டைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். பார்க்கிறபோது தண்ணீர் இருந்தால்தானே என்று நான் ராவுத்தரிடம் நாள் கேட்டுவைத்து, தை அமாவாசையன்று காலை ஆறு மணிக்கு வரும்படி அதிகாரிக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் வந்தது அதற்கு நான்கு நாள் முன்பு, பதினோரு மணிக்கு. தரை காய்ந்து கிடந்தது. இடுப்பளவு வரை சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்திருப்பதைக் காட்டினோம். ஆறுமுகம் கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார், பரிதாபமும் பட்டார். ஆனால் அவருடைய செயலியில் தண்ணீரோடு படம் எடுத்தால்தான் ஏறுமாம். ஒரே ஒரு நாள் விடியற்காலையில் வரமுடியாதா என்று கெஞ்சினேன். நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததால் அவருக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார்.

"பத்து மணிக்கு மேல தண்ணி வந்தா ஒண்ணு விளிங்க."

நிராகரிப்பு

மூன்றாம் வாரம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், தவறான தகவல். செயற்கைக்கோள் கணக்குப்படி நான் குறிப்பிட்ட நாளில் கொச்சியில் ஒரு துளி மழை இல்லை. அடுத்த நிதியாண்டு வரை மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. நான் தட்டிய ஒரு தட்டலில் அந்த வீட்டின் தரை போயிற்று. மேகமில்லை என்று வானத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த இயந்திரத்துக்குக் கொஞ்சம் கீழே குனிந்து காயலைப் பார்க்கத் தெரியவில்லை. உதவி எண்ணுக்குப் போன் போட்டு, நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டு, ஒருவழியாக ஆள் கிடைத்ததும் தவறு என்னுடையது, அந்த அம்மாவைத் தண்டிக்காதீர்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன். எதிர்முனைப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"நீங்க ஏன் மேடம் உண்மையைப் போடல?"

இடப்பள்ளியில் குளிர்சாதன அறை

அடுத்த மாதம் சேவை மையக்காரர்களான எங்களை இடப்பள்ளியில் ஒரு ஹோட்டலுக்குப் பயிற்சிக்கு அழைத்தார்கள். மாறிவரும், நிச்சயமற்ற உலகுக்கு ஏற்ப நாட்டின் கொள்கைகளை எப்படித் தகவமைப்பது என்பது தலைப்பு. கோட்டுப் போட்ட ஒருவர் டெல்லியிலிருந்து வந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். உலகம் மாறிவிட்டது என்று பதினைந்து முறையாவது சொல்லியிருப்பார். எழுந்து நின்று கேட்டேன். உலகம் மாறியது எங்களுக்குத் தெரியும் சார், எங்கள் அடுப்படிக்கே வந்து சொல்லிவிட்டுப் போகிறது. உங்கள் பட்டியலில் ஒரு கட்டம் சேர்க்க எத்தனை வருடம் ஆகும்? அவர் சிரித்த முகத்தோடு என் கேள்வியைக் குறித்துக்கொண்டார். சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் ஆள் விமானம் பிடிக்கக் கிளம்பிவிட்டிருந்தார். எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

"நல்ல பாயின்ட் மேடம். லஞ்சுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்."

காரணம்

மாசி பௌர்ணமி ஏற்றத்துக்குப் பிறகு ஆறுமுகத்தின் புண் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்கு அன்றைக்கே ஒப்புதல் வந்தது. தரைக்குக் கிடைக்காதது காலை வெட்டக் கிடைத்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க அக்கா என்னிடமே வந்தாள். வேறு மையத்துக்குப் போயிருக்கலாம், போகவில்லை. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவுமில்லை. படிவத்தில் பாதிப்பின் காரணம் கேட்டது. பிறவி, நோய், விபத்து என்று மூன்றே கட்டங்கள். நான் கையை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுலயாவது உள்ளத எழுது மோளே. காயல் தண்ணின்னு எழுது."

'நோய்' என்று தட்டினேன்; மழை என்ற என் பொய்யை வானத்திலிருந்தே கண்டுபிடித்த அரசாங்கம் இதை ஒரு நொடியில் நம்பிவிட்டது.