திராட்சைப் பெட்டிக்கு வந்த ஜப்பான் கதை

பன்னீர் திராட்சையை அடுக்குவதற்கு முன் பெட்டியின் அடியில் நாலு மடிப்புப் பேப்பர் போட வேண்டும். நம் ஊர்ப் பேப்பரில் சாறு பட்டால் மை கசிந்து பழத்தில் கறுப்பு ஒட்டிவிடும். அதனால் எங்கள் முதலாளி மதுரையிலிருந்து வெளிநாட்டுப் பழைய பேப்பரைக் கட்டுக்கட்டாக வரவழைப்பார். கம்பத்திலிருந்து சுருளி போகிற பாதையில் இருந்தது பழம் அடுக்கும் எங்கள் செட்டு. பேப்பரைக் கிழித்து விரித்து, பழத்தை அடுக்கி, பெட்டியை மூடிக் கட்டுவது என் வேலை. எதிர்ப்பக்கம் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து, வெடித்த பழங்களைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் கழிப்பார்கள்.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் தமிழ் நன்றாகவே படிப்பேன். பேசத்தான் வராது. பெண்கள் பக்கம் இருந்த தண்ணீர்க் குடத்துக்குப் போகக் கூச்சப்பட்டு, தாகம் எடுத்தால் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த குழாய்க்குப் போய் வருவேன்.

ஒரு நாள் பேப்பர் கட்டுக்குள் டெலிபோன் டைரக்டரி தடிமனில் ஒரு புத்தகம் கிடந்தது. உள்ளே முழுக்கப் படக்கதைகள். சில கதை வெளிர் பச்சைத் தாளில், சில கதை இளஞ்சிவப்புத் தாளில். சொரசொரப்பான தாள்; ஈரத்தை நன்றாக உறிஞ்சும். கிழிக்கத் தொடங்கியவன் இளஞ்சிவப்புத் தாள் வந்ததும் நிறுத்திவிட்டேன். தலைமுடியை விரித்துப் போட்ட ஒரு பெண் மரத்துக்கு மேலே மிதந்துகொண்டிருந்தாள். அந்தக் கதையை மட்டும் பிரித்தெடுத்து என் சட்டைக்கடியில் வைத்தேன். ஜப்பான் எழுத்து என்றார் எங்கள் மேஸ்திரி; எனக்கு ஒன்றுகூடப் புரியாது. ஆனால் படம் படமாகப் போனால் கதை தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்களில் மூத்தவள் பண்ணைப்புரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஓர் அக்கா. வாய் அதிகம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏந்தம்பி, அந்தப் பொம்மைப் பொஸ்தகத்துல அப்பிடி என்னத்த வச்சிருக்கு? எங்களுக்கும் சொன்னா வாய் நோகுமா?"

"சப்பான் பேய்க்கதைக்கா."

"பேய்க்கதையா? அப்பச் சொல்லித்தான் ஆகணும்."

முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடப் படத்தைப் பார்த்துப் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. முதல் பக்கத்திலிருந்து சொன்னேன். ஒரு பெண் பேய். ஊர்க்காரர்கள் அதற்கு முன்னால் மண்டியிட்டு அழுகிறார்கள். அது ஒரு அதிகாரியின் படுக்கைக்குப் போய் நிற்கிறது, அவன் அலறுகிறான். பிறகு ஒரு சிறைக்குள் போகிறது. அங்கே செத்துக் கிடக்கும் ஒரு சின்னப் பெண்ணின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறது. அவள் எழுந்து உட்கார்ந்து அழுகிறாள். அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவள் தரையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து குற்றத்தை ஒத்துக்கொள்கிறாள். சிப்பாய்கள் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறாள்.

"பேய்க்குக் கால் இருக்கா?" என்றாள் அக்கா.

"இல்லைக்கா."

"சப்பான் பேய்க்கும் கால் கெடையாதாக்கும். அது கெடக்கட்டும். போலீசுக்காரன் கையப் புடிச்சு வீடு வரைக்குமா கொண்டாந்து விட்டான்? நம்மூர்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாலே பெருசு."

"அவனுக்குக் காப்பித்தண்ணி போட்டுக் குடுத்தாகளான்னு பாரு தம்பி" என்றாள் இன்னொருத்தி. செட்டே சிரித்தது.

ஓரத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வயதுக்குள்தான் இருப்பாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தை ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொள்வார்கள். அவள் தூக்குச்சட்டிப் பக்கம் யார் கையும் போகாது. அவள் இல்லாத நேரத்தில் அவளுக்கு 'கேசு' என்று பெயர். "கேசு வந்துருச்சா?" என்பார்கள்.

அவள் மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் பழம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். ஒரு நாள் ஜீப்பில் இறங்கி வந்திருக்கிறாள். எங்கள் பக்கத்து ஜீப்புகளில் எள் விழ இடமிருக்காது. நிற்கிறவர்கள் பையையோ பிள்ளையையோ நீட்டினால் உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். யாருடையது, உள்ளே என்ன என்று கேட்பதில்லை. அப்படி ஒரு பொம்பளை நீட்டிய துணிப்பையை இவளும் வாங்கி வைத்துக்கொண்டாள். அடிவாரத்துக்குச் சற்று முன்னால் சோதனைக்கு ஜீப்பை நிறுத்தியபோது பைக்குள் கஞ்சாப் பொட்டலம் இருந்தது. பையைக் கொடுத்தவளைக் காணவில்லை. மடியில் வைத்திருந்தவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறையில் சில மாதம் இருந்து ஜாமீனில் வந்து, அண்ணன் வீட்டில் தங்கி, இந்த வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். வாரம் ஒரு தடவை ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் அவள் என் பக்கம் டிரே எடுக்க வந்தபோது கேட்டாள்.

"அண்ணே, கடைசில அந்தப் பிள்ள வீட்டுலதான இருக்கு? அதுக்குப் பெறகு வேற பக்கம் இல்லையே?"

"இல்ல. சோறு திங்குது. அம்புட்டுத்தான்."

"ஒத்துக்கிட்டதும் விட்டுட்டாகளா?"

"அப்படித்தான் படத்துல இருக்கு."

அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். தரையில் கை ஊன்றிக் குனிந்திருக்கும் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க வக்கீலும் ஒத்துக்கிறத்தான் சொல்றாக. உள்ள இருந்த நாளக் கழிச்சுக்கிட்டு, அபராதம் போட்டு விட்டுருவாகளாம். எங்கண்ணனும் அதையே சொல்லுது. எனக்குத்தான் மனசு வரல. செய்யாததச் செஞ்சேன்னு எப்பிடிச் சொல்றதுன்னு இருந்தேன். ஆனா வீட்டுக்குப் போயிறலாம்ல."

நான் அடுத்த பெட்டியை இழுத்துப் போட்டேன். பேப்பரை விரித்தேன். அடுத்த வாய்தா மறு வாரம் இருந்தது. ஒத்துக்கொள்வதாக அண்ணனிடம் சொல்லிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கம்பத்து வியாபாரி ஒருவர் சரக்குப் பார்க்க வந்தார். எல்லாரும் பாய் என்போம். கேரளாவுக்கு லோடு அனுப்புகிறவர். லாரி வரத் தாமதம் என்று என் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். கையில் டீ. என் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நான் கடைசிப் பக்கம் என்று வைத்திருந்த பக்கத்தைத்தான் அவர் முதலில் திறந்தார். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"பாவம், அந்தப் பிள்ளையக் கொன்னுட்டாங்களே" என்றார்.

"இல்ல பாய். கடைசில வீட்டுக்குப் போயிருது."

"எங்கன போயிருது? இந்தா, வீட்டுலருந்துல்ல கூட்டிட்டுப் போறான்."

"நீங்க பின்னாலருந்து பாக்குறீக."

"நீதாம்ப்பா பின்னாலருந்து பாத்துருக்க. எங்களுக்குச் சின்ன வயசுல அரபி ஓதப் போன கை; அது வலதுலருந்து எடத்துக்குப் போற எழுத்து. பொஸ்தகம்னு எடுத்தா இந்தப் பக்கமும் தொறந்து பாக்கும். சரி, என்னைய நம்ப வேணாம். இந்தப் படத்தப் பாரு. தெருவுல மழ பெய்யுது. அடுத்த படத்துல சிப்பாய் உடுப்பு நனைஞ்சிருக்கு. உன் கணக்குப்படி மொதல்ல நனைஞ்சுட்டு அப்பறம் மழ வருதா?"

நான் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. இத்தனை நாள் அந்த மழை என் கண்ணில் படவே இல்லை.

அதற்குள் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "பாய், மொதல்லருந்து சொல்லுங்க."

பாய் சொன்னார். அம்மாவும் மகளும் சோறு சாப்பிடுகிறார்கள். சிப்பாய்கள் வந்து மகளைப் பிடித்துப் போகிறார்கள். அதிகாரி முன்னால் அடிக்கிறார்கள். அடி தாங்காமல் குனிந்து ஒத்துக்கொள்கிறாள். ஒத்துக்கொண்டதால் சிறையில் போடுகிறார்கள். அங்கேயே செத்துப்போகிறாள். உடம்பிலிருந்து பேயாகப் பிரிந்து வந்து அதிகாரியைப் பிடிக்கிறாள். கடைசியில் ஊரே கும்பிடுகிறது.

"படத்த வச்சுச் சொல்றேன். எழுத்துல என்ன இருக்கோ" என்று சொல்லிவிட்டு, லாரிச் சத்தம் கேட்டதும் எழுந்து போனார்.

அக்கா கத்தரிக்கோலைத் திரும்ப எடுத்தாள். பிறகு, "எங்க வீட்டுச் சாமி சீலைக்காரி கதையும் இதேதான்" என்றாள். "அவுக செய்யாத களவச் செஞ்சாகன்னு சொல்லிக் கெணத்துல தள்ளிட்டாகளாம். பெறகு குடும்பத்துல ஒண்ணுமே வெளங்கல. அதுலருந்து பொட்டியில சீல வச்சுக் கும்பிடுறோம். வருசா வருசம் புதுச் சீல. போன வருசம் பட்டு."

ஓரத்திலிருந்து அந்தப் பெண் கேட்டாள். "அவுக உசுரோட இருக்கையில, நான் செய்யலைன்னு சொல்லியிருப்பாகள்ல அக்கா?"

"சொல்லாமயா இருப்பாக."

"யாரும் நம்பலையா?"

"நம்பியிருந்தா எதுக்கு ஆத்தா சீல?"

"செத்த பெறகு பட்டு வைக்கிறவுக, இருக்கையில ஒரு வார்த்த நம்பியிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பாக."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பழத்தை நறுக்கிக்கொண்டேதான் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் அவளுடைய அண்ணன் செட்டுக்கு வந்தார். டிராக்டர் ஓட்டுகிறவர். நேராக என்னிடம் வந்து நின்றார்.

"நீதான் இவளுக்குப் பேய்க்கதை சொன்னவனா?"

நான் எழுந்து நின்றேன்.

"ஒரு நாள்ல முடிய வேண்டிய கேசு. ஒத்துக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இனி இழுத்துக்கிட்டே போவாக. பெறகு உள்ளதான் போட்டாகன்னா நீ போயி இருப்பியா?"

"அண்ணே, அவரு நல்ல முடிவாத்தான் சொன்னாரு" என்று அவள் எழுந்து வந்தாள். "அத நம்பித்தான் ஒத்துக்கிறேன்னேன். இப்ப வேணாங்கிறது நானா எடுத்தது. அவர விடுங்க."

"உள்ள போட்டா?"

"ஒத்துக்கிட்டு வெளிய வந்தா மட்டும் எனக்கு வேற பேரா வைக்கப் போறாக? இப்பவே கேசுன்னுதான கூப்புடுறாக."

அவளுக்கு அது தெரியும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டு வெளியே போனார்.

அக்கா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "அந்த ஜீப்ப ஓட்டுனவன் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள். ஆளைப் பார்த்தால் தெரியும், பெயர் தெரியாது என்றாள் அவள்.

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு அந்த வாய்தாவுக்கு அவளோடு அக்காவும் நானும் போனோம். அண்ணனும் வந்தார்; எங்களோடு பேசவில்லை. கூப்பிட்டதும் அவள் உள்ளே போனாள். கேட்டதற்கு, "நான் செய்யல. அது எம் பை இல்ல" என்றாள். வாசலில் நின்ற எனக்கே கேட்டது. வக்கீல் வெளியே வந்து, "இனி என்னையக் கொற சொல்லக் கூடாது" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் பயந்தபடியே இழுத்தது. ஒரு வாய்தாவுக்கு அவளைப் பிடித்த அதிகாரி வரவில்லை, இன்னொன்றுக்கு வக்கீல் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் வீடு திரும்புவோமா என்று தெரியாமல்தான் அவள் போனாள். இதற்கிடையில் அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் அந்த டிரைவரை அடையாளம் கண்டுவிட்டாள். அவர் முதலில் சாட்சி சொல்ல வர முடியாது என்றார். "எனக்கெதுக்குத் தாயி போலீசு கோர்ட்டு?" என்றார். அக்கா சந்தைக்குப் போகிற ஒவ்வொரு வாரமும் அவர் ஜீப்புக்கு முன்னால் போய் நிற்பாள். மற்ற பெண்களும் மாற்றி மாற்றிப் போனார்கள். பயணிகள் முன்னாலேயே, "மடியில பைய வாங்கி வைக்காதீக, இந்த ஜீப்புல வச்சா செயிலு" என்பார்களாம். கடைசியில் தொல்லை தாங்காமல்தான் வந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் வந்தவர் கூண்டில் ஏறி நன்றாகவே சொன்னார். நின்றுகொண்டு வந்த பொம்பளைதான் பையைக் கொடுத்தாள், கண்ணாடியில் பார்த்தேன், சோதனைக்கு முந்தின வளைவிலேயே அவள் இறங்கிவிட்டாள், எங்கள் ஜீப்பில் எல்லாரும் அப்படித்தான் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றார்.

தீர்ப்பு வந்த அன்று நான் போகவில்லை. லோடு இருந்தது. அக்காவும் அண்ணனும் போனார்கள். நான் செட்டில் பெட்டி கட்டிக்கொண்டே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டும் வரை யாரும் வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். மேஸ்திரி, "நேத்து ஏன் வரல?" என்று கேட்டார்.

"கோர்ட்டுல இருந்தேன். நான் செய்யலைன்னு சொல்லிட்டாக."

"சரி சரி. போயி ஒரு டிரே எடு" என்றார் அவர்.

அவள் டிரேயை எடுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். கிட்டத்தில் இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி நகர்ந்து சாக்கில் இடம் விட்டாள். அவள் உட்காரவில்லை. செட்டின் கோடியில் டிரே கழுவிக்கொண்டிருந்த இருவருக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்காது. அவள் அதுவரை நடந்து போய் நின்று, அவர்கள் குழாயை மூடும்வரை காத்திருந்து, அவர்களிடமும் அதையே சொன்னாள்.