என் ஒரு வரியும் முத்துக்குமாரின் முழங்காலும்

போன செவ்வாய்க்கிழமை காலை வாசலில் பெல் சத்தம். கதவைத் திறந்தால் கண்ணெதிரே ஒரு சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது. முகத்தைப் பார்க்க அண்ணாந்தேன். ஆறடி நாலங்குலம். நிலைப்படியில் குனிந்து, வலது காலை இழுத்து இழுத்து உள்ளே வந்தார்.

“என்னயத் தெரியுதுங்களா சார்? முத்துக்குமாருங்க. பாஸ்கெட்பால்...”

தெரியாமலா? நாலு வருஷத்துக்கு முன் இதே பக்கத்தில் போட்டோவோடு எழுதியிருக்கிறேனே! அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸே அவர் கையில் இருந்தது. நம் எழுத்தை ஒருவர் இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். மூலையில் கம்பெனி சீல். பக்கத்தில் பேனாவால் ‘இணைப்பு 3’ என்று எழுதியிருந்தது.

பூரிப்பு அங்கேயே வடிந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஊத்துக்குளிக்காரரான முத்துக்குமாரை அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி தன் டீமுக்காகவே வேலைக்கு எடுத்தது. ரெக்கார்டில் பேக்கிங் செக்‌ஷன். ஆனால் ஒரு அட்டைப்பெட்டியைக்கூட அவர் தொட்டதில்லை. காலையும் மாலையும் பிராக்டீஸ், ஊர் ஊராக டோர்னமென்ட். ஜெயித்த கப்பெல்லாம் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் உட்காரும் அறையில் அடுக்கிவைக்கப்பட்டன.

ஒரு ஃபைனலுக்கு முந்தின நாள் முழங்கால் வீங்கிவிட்டது. மூன்று வாரம் குதிக்கவே கூடாது என்றார் டாக்டர். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா?

“மொதலாளி ஊட்டுல எல்லாரும் வந்து உக்காந்திருக்காங்க கண்ணு. ஊசி போட்டுக்கிட்டு எறங்கு. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராத.”

இறங்கினார். கம்பெனி ஜெயித்தது. கடைசி நிமிடத்தில் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் தரையில் காலூன்றியபோது முழங்காலில் லிகமென்ட் கிழிந்தது.

அன்று சீஃப் கெஸ்ட் யார்? சாட்சாத் நான்தான். கப்பைக் கொடுத்துவிட்டு, மேனேஜர் நீட்டிய போண்டாவை மென்றபடியே கேட்டேன் — கால் இப்படி இருக்கும்போது இவர் எதற்கு விளையாடினார்? “அவனாத்தானுங்க எறங்குனான். டாக்டரும் வேண்டாம்னாரு, நாங்களும் எவ்வளவோ சொன்னோம், கேக்கவே இல்லீங்க” என்றார். அப்படியே எழுதிவிட்டேன். ‘யாரும் வற்புறுத்தவில்லை. டாக்டர் தடுத்தும் கேட்கவில்லை. விரும்பிக் களம் இறங்கிய வேங்கை!’ வேங்கை மட்டும் என் சொந்தச் சரக்கு. முத்துக்குமார் நாலு நாற்காலி தள்ளி, காலில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆர்டர் குறைந்ததும் டீமைக் கலைத்துவிட்டார்கள். இப்போது அவருக்கு நிஜமாகவே பேக்கிங் வேலை — ஷிஃப்ட் முழுக்க நின்றபடி. கால் தாங்கவில்லை. ஆபரேஷனுக்குக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலை தர வேண்டும் என்று லேபர் ஆபீஸில் மனுப் போட்டார். கம்பெனி என்ன பதில் கொடுத்தது? விளையாட்டு அவருடைய சொந்த ஆசை. இறங்கச் சொல்லி நாங்கள் சொல்லவே இல்லை. ஆதாரம்? இணைப்பு 3.

வலியைப் பொறுத்துக்கொள்கிறவனைப் பாராட்டுவது நமக்கெல்லாம் எவ்வளவு சுலபம்... கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடலாம். மறுநாள் காலை எழுந்து நடக்க வேண்டியது அவன்தானே?

வெள்ளிக்கிழமை அவரோடு லேபர் ஆபீஸ் போனேன். மேனேஜர் சொன்னதைக் கேட்டு எழுதினேன், இவரை விசாரிக்கவே இல்லை என்றேன். கம்பெனி வக்கீல் மகா மரியாதையாகச் சிரித்தார்.

“சாருங்க, நான் உங்க வாசகனுங்க. ஒரு வாரங்கூட உடாம படிக்கறேன். அப்ப, அன்னிக்கு நீங்க எழுதுனது பொய்ங்களா?”

“அந்த வரி பொய்.”

“மத்த வாரமெல்லாமுங்க?”



அதிகாரி முத்துக்குமார் பக்கம் திரும்பினார். “நாலு வருஷமா ஏன் வாயே தொறக்கல?”

“பேப்பர்ல என்னயப் பத்தி அவ்வளவு நல்லா எழுதியிருந்தாங்க. அதுக்கப்புறம் போயி, என்னய மெரட்டித்தான் எறக்குனாங்கன்னு எப்படீங்க சொல்றது?”

அதிகாரி என்னைப் பார்த்து, “பேப்பர்ல வந்தத பேப்பர்லயே மறுத்து எழுதிக் கொண்டாங்க. அடுத்த ஹியரிங்ல பார்க்கலாம்” என்றார்.

வெளியே வரும்போது ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் திரும்பித்தான் அவரால் இறங்க முடிந்தது.

“எங்கம்மா அந்தக் கட்டுரைய லேமினேட் பண்ணி ஊட்டுல மாட்டி வெச்சிருக்காங்க சார். கழட்டலாம்னா உட மாட்டீங்கறாங்க. பேப்பர்காரங்க எதுக்கு கண்ணு பொய் எழுதப் போறாங்கன்னு என்னயக் கேக்கறாங்க...”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே எழுதுகிறேன். முத்துக்குமார் விரும்பி இறங்கவில்லை. வேலை போய்விடும் என்று மிரட்டி இறக்கினார்கள். டாக்டர் பேச்சை மீறியது அவர் அல்ல, கம்பெனி. அவரைக் கேட்காமல் நான் எழுதிய அந்த வரி பொய்.

இந்தக் கட்டுரையை எந்த அம்மாவும் சுவரில் மாட்டப் போவதில்லை. அந்த மனுஷனுக்கு பேக்கிங் செக்‌ஷனில் உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்தால் போதும்.