தலைத்துண்டில் மொய்த்த விட்டில்கள்

காஹாங் ரப்பர் தோட்டத்தில் என் கணவருக்கு லாலாங் என்கிற களைப்புல்லைக் கருக்க மருந்தடிக்கும் வேலை. மருந்தாம், மருந்து! "மாடுங்கள மட்டும் அந்தப் பக்கம் விடாதீங்க" என்றார் கங்காணி. மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விளக்கைத் தேடாமல் பட்டப்பகலில் பறக்கும் சிவப்பு விட்டில் பூச்சிகள் அந்தப் புல்லில் மட்டும்தான் இருந்தன. புல் கருகியதும் அவை எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்தன. வேலை முடிந்து வந்தவர் கொடியில் போட்ட தலைத்துண்டில் வேர்வை உப்பை உறிஞ்ச மொய்த்தன.

"பாவம், குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார் அவர்.

சாயங்காலம் துண்டை எடுக்கப் போனேன். கொடிக்குக் கீழே அத்தனையும் செத்துக் கிடந்தன.

உள்ளே தூளியில் பிள்ளை அழத் தொடங்கினாள். அப்பா வாசனை அடிக்கும் அந்தத் துண்டு இல்லாமல் அவள் தூங்கமாட்டாள். தினமும் அதன் முனையைச் சப்பிக்கொண்டேதான் தூங்கினாள்.