ஜன்னலுக்கு வெளியே நின்ற ரதி

"மார்ச் 9, 1957. பிள்ளையின் எடை மூன்று இறாத்தல் ஏழு அவுன்ஸ். நேற்றைவிட ஓர் அவுன்ஸ் குறைவு. தாய்ப்பால் அரைத் தேக்கரண்டி. கிராமபோனால் பயனில்லை."

என் பழைய குறிப்புப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது. அப்போது இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தேன். எதையும் தேதி போட்டு எழுதிவைக்காவிட்டால் எனக்கு அன்றைய வேலை முடிந்த மாதிரியே இருக்காது.

அந்தப் பெண்பிள்ளை மார்ச் ஐந்தாம் தேதி, ஆறு வாரம் முந்திப் பிறந்தவள். தேயிலைப் பெட்டிக்குள் பஞ்சு பரப்பி, இரு பக்கமும் வெந்நீர்ப் போத்தல் வைத்துக் கிடத்தியிருந்தோம். சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. தாய் பீய்ச்சித் தரும் பாலை, மருந்து சொட்டும் பில்லரால் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். தாய்க்கோ பால் கட்டி மார்பு கல்லாகிக் கிடந்தது, இறங்கத்தான் இல்லை. பத்தொன்பது வயது, முதல் பிரசவம், ஒரே பயம்.

"இன்னும் ரெண்டு அவுன்ஸ் குறைஞ்சா நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடணும்" என்றார் தோட்டத்து டாக்டர். அந்த மழையில், கொழுந்து லாரியில், பிள்ளை தாங்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நல்ல இசை கேட்டால் தாயின் மனம் இளகிப் பால் சுரக்கும் என்று ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தேன். தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டில் கெஞ்சி கிராமபோனை வாங்கிவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பக்திப் பாட்டைப் போட்டேன். அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இசைத்தட்டு முடியும்வரை ஆடவில்லை, அசையவில்லை.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா கிளாக்கரய்யா வீட்டுப் பெட்டியாச்சே. என் கைகாலு பட்டு ஒடஞ்சா யாருங்கம்மா பதில் சொல்றது?"

அன்று கிடைத்ததுதான் அந்த அரைத் தேக்கரண்டி.

அவள் கணவருக்கு, சிவன் காமனை எரிக்கும் அந்த வருஷக் காமன் கூத்தில் ரதி வேஷம். பிள்ளை பிறக்க நாளிருக்கிறது என்ற நம்பிக்கையில் நாலாம் தேதி கூத்துக்கான விரதக் காப்புக் கட்டிக்கொண்டார். மறுநாளே மகள் வந்துவிட்டாள். காப்புக் கட்டியவர் பிரசவ அறைக்குள் வரக்கூடாது. அதனால் வேலை விட்டதும் ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வந்து நின்று, தலையில் கவிழ்த்த சாக்குக் கொங்காணியில் மழை சொட்டச் சொட்ட விசாரித்துவிட்டுப் போவார்.

ஒன்பதாம் தேதி மாலை எனக்கு எரிச்சல். "சும்மா நிக்காம நீங்களாவது ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்றேன். மனிதர் தயங்கவே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காமனைப் பறிகொடுத்த ரதியின் புலம்பலை எடுத்துவிட்டார்!

ஆஸ்பத்திரி ஆயா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "அட கூறுகெட்டவனே! பச்சப்புள்ள கெடக்கிற எடத்துல ஒப்பாரியா?"

"வேற மெட்டு வரமாட்டேங்குது ஆயா. ஒரு மாசமா இதத்தானே பாடிப் பழகுறேன்."

"அப்ப வார்த்தையவாவது மாத்தித் தொலை!"

மறுபடியும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, அதே அழுகை மெட்டில்:

"கூடையில குந்திவந்த கொழுந்தான ராசாத்தி
தராசுல ஏத்திவச்சா முள்ளசைய மாட்டேங்குதே
கணக்கப்புள்ள கண்டாக்கா அரைப்பேரு போடுவாரே
முழுப்பேரு வாங்கணுண்டி, முட்டமுட்டக் குடிச்சிடடி!"

கொழுந்து நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைநாள் சம்பளம்தான். அதற்குப் பெயர் அரைப்பேர். தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பொத்தவும் முடியவில்லை.

"போன வாரம் நீங்க வாங்காத அரைப்பேரா!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"அத ஏண்டி மருத்துவச்சியம்மா முன்னால சொல்ற?" என்றது வெளியே இருந்த ரதி.

கண்ணில் நீர் வரச் சிரித்தவள், திடீரென்று "அம்மா, அம்மா" என்று என்னைக் கூப்பிட்டாள். ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. கோப்பையோடு ஓடினேன். மூன்று தேக்கரண்டி!

அதற்குப் பிறகு தினமும் ஒரு புதுப் பாட்டு வந்தது. ஒருநாள் கங்காணியின் மீசை, ஒருநாள் ஆயாவின் துடைப்பம். பாட்டு நேரம் வந்தாலே பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருப்பாள் தாய். பதின்மூன்றாம் தேதி பிள்ளை தானாகவே சப்பிக் குடித்தாள். கூத்து முடிந்த மறுநாள், பதினேழாம் தேதி, எடை மூன்று இறாத்தல் பதின்மூன்று அவுன்ஸ். அன்றுதான் அவர் காப்பை அவிழ்த்து, குளித்து முழுகி, முதல்முறையாக உள்ளே வந்தார். பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து மகளைக் குனிந்து பார்த்தார்.

"முழுப்பேருங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"முழுப்பேர்தான்" என்றேன்.

அந்த வருஷம் காமன் எரிந்தபோது, ரதி தன்னை மறந்து "அரைப்பேரு போடுவாரே" என்று அழுததாகவும், கூட்டம் முழுக்கச் சிரித்துவிட்டதாகவும் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அவர் சத்தியம் செய்து மறுத்தார். நான் வார்டில் இருந்ததால் என் காதால் கேட்கவில்லை. நாலு பேரை விசாரித்தேன். இருவர் கேட்டோம் என்றார்கள், இருவர் இல்லவே இல்லை என்றார்கள். ஆகவே "உறுதிப்படவில்லை" என்றே இன்றுவரை என் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அன்றுமுதல், பால் இறங்கவில்லை என்று எந்தத் தாய் கலங்கினாலும் நான் கிராமபோனைத் தேடிப் போனதில்லை; "உங்க வீட்டுல யாரு பாடுவாங்க?" என்றுதான் முதலில் கேட்டிருக்கிறேன்.