கணக்கில் வராத ஒரு வருடம்

அந்தக் கடிதத்தை மண்ணு மேடம் கையில் கொடுத்தவள் நான்தான். டீன் அலுவலகத்திலிருந்து வந்த ஒட்டிய உறை. இந்தத் துறை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். உறையைத் தொட்டுப் பார்த்தே உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவேன் எனப் பீற்றிக்கொள்கிற ஆள். அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. மேடம் நின்றபடியே பிரித்துப் படித்தார். பிறகு என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இதுல தேதி தப்பா போட்டிருக்காங்க."

தேதி சரியாகத்தான் இருந்தது. பணி நிரந்தரத்துக்கான கோப்பை இருபத்துமூன்று நாளில் ஒப்படைக்க வேண்டுமாம். அதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று மேடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலைக்கு வருகிறவர்களை எடுத்த எடுப்பில் நிரந்தரமாக்க மாட்டார்கள். மூன்று வருடம் ஆனதும் ஒரு தடவை பார்த்து, தேறுவார் என்று தோன்றினால் மறுநியமனம். ஐந்து வருடம் முடிந்ததும் எழுதிய கட்டுரை, செய்த ஆராய்ச்சி, நடத்திய வகுப்பு எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். அது வெளியூர்ப் பேராசிரியர்கள் ஆறு பேருக்குப் போய், அவர்கள் சொல்வதைக் கேட்டு, கமிட்டி உட்காரும். சரி என்றால் ஓய்வு பெறும்வரை யாரும் அசைக்க முடியாது. இல்லை என்றால் ஒரே ஒரு வருடம் தருவார்கள், அதற்குள் மூட்டை கட்ட வேண்டியதுதான். என்னைப் போன்ற அலுவலக ஆட்களுக்கு ஆறே மாதத்தில் நிரந்தரம். அதனால் இவ்வளவு படித்தவர்கள் இப்படி நடுங்குவதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரிப்பதுண்டு.

மண்ணு மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். உப்பேறிய மண்ணை எப்படித் திரும்பப் பயிர் நிலமாக்குவது என்பது அவருடைய ஆராய்ச்சி. பல்கலைக்கழகப் பண்ணையில் பதினாறு பாத்தி போட்டு, நாலு வருடம் தொடர்ந்து விளைவித்து அளந்தால்தான் அதற்கொரு முடிவு வரும். மூன்று அறுவடை முடிந்திருந்தது. நாலாவது இன்னும் பச்சையாகப் பாத்தியில் நின்றது. அது இல்லாத கோப்பு, கூரை போடாத வீடு. கமிட்டி அதைத் தூக்கி எறியும் என்று மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஒரு வருடத்தை அவர் சும்மா நினைத்துக்கொள்ளவில்லை. குழந்தை பெற்றவர்களுக்கு ஒரு வருடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள், விதியிலேயே உண்டு. அதற்கொரு படிவம். குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் துறைத்தலைவர் கையெழுத்தோடு டீன் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். மேடத்தின் பெண்ணுக்கு இப்போது மூன்றரை வயது. குழந்தைக்கு மூன்று மாதமாக இருந்தபோது படிவத்தை நிரப்பி, அப்போது தலைவராக இருந்தவரிடம் நேரிலேயே கொடுத்திருக்கிறார். அவர் வாங்கிக்கொண்டு, "ஆகட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாராம்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏனென்றால் அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்பார். மின்விசிறி ஓடவில்லை என்றாலும் ஆகட்டும், கட்டடமே சரிகிறது என்றாலும் ஆகட்டும். 'ஆகட்டும் சார்' என்றால்தான் துறையில் அவரைத் தெரியும். மனசு தங்கம். கை மட்டும் எதையும் முடிக்காது.

மேடத்தின் கோப்பை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். படிவம் இல்லை.

"மறுநியமனம் ஆனப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம், என் கணக்கு எப்ப முடியுதுன்னு?"

"கேட்டா, இவளுக்கு என்ன அவசரம், ஆராய்ச்சி ஓடலையோன்னு நெனச்சுடுவாங்களோன்னு பயம் அக்கா."

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. கேட்கப் பயந்து மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் முகத்தைப் பார்த்தால் திட்ட மனம் வரவில்லை, உதடு வெளுத்திருந்தது. இந்த வேலைக்காக அவர் கணவர் இருந்த வேலையை விட்டு இந்த ஊருக்கு வந்திருந்தார். மேடம் தேறாவிட்டால் அந்த வீடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் எந்த ஊரில் என்று தெரியாமல்.

இப்போதைய தலைவர் விதிப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ஆள். மேடம் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல மேடம். படிவம் குடுத்ததுக்கு ஆதாரம் கொண்டாங்க, அனுப்பி வைக்கறேன். இல்லேன்னா ஃபைலைக் கட்டுங்க."

ஆகட்டும் சார் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் தினமும் ஒன்பதரைக்கு வந்துவிடுவார். நடைபாதைக் கோடியில் அவருக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு அப்படி அறை கொடுப்பது டீன் விருப்பம். வருடா வருடம் அந்த அனுமதியைப் புதுப்பித்துத் தரவேண்டும். மகன் வீட்டில் அவருக்கு உட்கார இடம் என்றால் அது டிவி முன்னால்தான். இந்த அறையில் புத்தகம், நாற்காலி, ஒரு ஜன்னல். அதற்காகவே உயிரோடு இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

நானும் கூடப் போனேன். மேடம் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. எழுந்து அலமாரியைக் குடைந்தார். கால் மணி நேரத்தில் படிவத்தை எடுத்துவிட்டார். 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதிய உறைக்குள் மூன்று வருடத்துக்கும் மேலாகப் பத்திரமாக இருந்திருக்கிறது. மேடத்தின் கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தது. தலைவர் கையெழுத்துக்கான இடம்தான் காலி.

"கண்ணு முன்னாலயே வெச்சிருந்தேனேம்மா" என்றார். பேனாவை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். தேதி போடுமுன் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அந்த மாசத்துத் தபால் பதிவேட்டுல ஏதாவது வரி காலியா இருக்காம்மா? நம்பர் ஒண்ணு போட்டுட்டா அதே தேதிய இதுலயும் போட்டுடலாம். நடந்தது உண்மைதானே? யாரும் யாரையும் ஏமாத்தலயே?"

துறைக்கு வருகிற ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டு எழுதுகிற பதிவேடு அது. என் கையெழுத்தில், என் பொறுப்பில் இருப்பது. அலுவலகத்துக்குத் திரும்பி, பழையதை இறக்கிப் பிரித்தேன். அந்த மாதத்துப் பக்கத்தில் அடியில் ஒரு வரி காலியாக இருந்தது. யாருக்கும் பயப்படாதவள் என்று மார்தட்டுகிற நான் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். எழுதினால் இரண்டு நிமிட வேலை. கண்டுபிடித்தால் என் இருபத்திரண்டு வருடமும் போய்விடும். எழுதாவிட்டால் இந்தப் பெண்ணின் ஐந்து வருடம் போகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவைத்தேன். மேடம் கெஞ்சியிருந்தால் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை நான் கதவைத் திறக்குமுன்பே மேடம் வாசலில் நின்றார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"எங்க வீட்டுக்காரர், அது சாரோட கையெழுத்து, சார் போடற தேதி, உனக்கென்னன்னு கேக்கறார். நேத்து வரைக்கும் வேலை போயிடுமோன்னுதான் பயம். இப்ப வேலையோட பேரும் போயிடுமோன்னு பயமா இருக்கு. வேண்டாம்க்கா. நேர்மைன்னு நெனச்சுக்காதீங்க, எனக்குத் தைரியம் இல்ல, அவ்வளவுதான்."

நேராகச் சாரிடம் போய், இன்றைய தேதியிலேயே நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாராம்.

"அப்படி எழுதினா, நான் வேலை பாக்காம தூங்கினேன்னு நானே டீனுக்கு எழுதிக் குடுக்கற மாதிரிம்மா. இந்த ரூம் அடுத்த மாசம் புதுப்பிக்க வருது."

மேடம் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

அதன்பிறகு மூன்று நாள் சார் வரவில்லை. மேடம் கோப்பைக் கட்டத் தொடங்கினார். வகுப்பு முடிந்ததும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, மூன்று அறுவடைக் கணக்கை வைத்துக்கொண்டு நாலு வருட முடிவைப்போல எழுதப் பார்ப்பார். அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். தொலைபேசி அடித்தால் தூக்கிவாரிப்போடும். ஒருநாள் பெண்ணைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்தே போனார், ஆசிரியை கூப்பிட்டபோது, "எந்தக் குழந்தை?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் அழுதார். இவர்கள் நடுங்குவதைப் பார்த்து நான் சிரிப்பதை நிறுத்தியது அன்றுதான்.

நாலாம் நாள் சார் வந்தார். நேராக என்னிடம் ஒரு தாளை நீட்டினார். மேடம் இன்ன தேதியில் படிவத்தைத் தன்னிடம் கொடுத்தது உண்மை, அதை அனுப்பத் தவறியது தன் குற்றம், மேடத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதி, அன்றைய தேதி போட்டிருந்தார். படிவத்திலும் அதே தேதி.

"இன்னைக்கே அனுப்பிடும்மா. நாளைக்குன்னா நான் திரும்பக் கேட்டு வாங்கினாலும் வாங்கிடுவேன்" என்றார். நான் அந்தக் கணமே எண் போட்டு, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கோப்பு கொடுக்க ஆறு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. அந்த வருடம் கணக்கில் சேராது. மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அறுவடை முடியும், அளக்கலாம், எழுதலாம். பயப்படவும் இன்னொரு முழு வருடம் கிடைத்தது என்று நான் கேலி செய்தேன். அழுகைக்கு நடுவே சிரித்தார்.

பத்து நாள் கழித்து ஆகட்டும் சாருக்கு ஒரு கடிதம் வந்தது. இடப் பற்றாக்குறையால் அறையைப் புதுப்பிக்க இயலவில்லை என்று இரண்டே வரி. சார் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மேடத்துக்கு ஒரு கடிதம். மூன்று பேரோடு ஒரே அறையில் இடித்துக்கொண்டிருந்தவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனி அறை கேட்டு மனுப் போட்டிருந்தார். வரிசைப்படி அவர் முறை வந்துவிட்டது. எந்த அறை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"வேண்டாம்னு எழுதிடலாம் அக்கா" என்றார் மேடம். நான் சந்தோஷமாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் கையெழுத்தே போடவில்லை.

"டீன் குடுத்ததை வேண்டாம்னு சொன்னா, ஏதோ எதிர்ப்புக் காட்டறேன்னு எடுத்துப்பாரோ? அடுத்த வருஷம் என் ஃபைல்ல கடைசிக் கையெழுத்து அவரோடதுக்கா."

தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சாவிக்குக் கை நீட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கொடுத்தேன்.

சார் காலி செய்த நாளில் நாங்கள் இருவரும் போனோம். புத்தகப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். மேடம் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"சார், என்னால வேண்டாம்னு சொல்ல முடியல."

"தெரியும்மா" என்றார் சார். "நானா இருந்தாலும் பயந்துகிட்டு வாங்கித்தான் இருப்பேன்."

அவர் வெளியே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மேடம் உள்ளே போனார்.