சம்பந்தியைத் தரையில் போட்ட குஷன்காரர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் குஷன்காரர். பத்து வயதில் ஊசியும் கையுமாக ஒரு பட்டறைக்குள் நுழைந்தவர், இன்றைக்குச் சொந்தக் கடை, ஆறு ஆட்கள், கண்ணாடிக் கதவு என்று நிமிர்ந்து நிற்கிறார். ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கினால் போதும், எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை.

இந்த ஜம்பமெல்லாம் சம்பந்தியிடம் செல்லாது. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "படிக்காமலே இவ்வளவு பேச்சு! படிச்சிருந்தா ஊரு தாங்குமா?" என்று சிரித்தபடியே குத்துவார். மகள் வாழப்போன இடமாயிற்றே என்று குஷன்காரரும் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அன்று காலை, தங்கள் வீட்டுக்குச் செய்த சோபாவைப் பார்க்கச் சம்பந்தி குடும்பத்தோடு கடைக்கு வந்தார். ஏதோ குறை சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே சரிந்தார். மாப்பிள்ளையும் கடை ஆட்களும் அலுங்காமல் தூக்கி, அந்தப் புது சோபாவிலேயே படுக்கவைத்தார்கள்.

மகள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கூப்பிட்டா முழிக்கிறாரா? மூச்சு சீரா வருதா?" என்றது ஒரு பெண்குரல்.

"இல்லீங்க. எப்பவாவது ஒருதரம் இழுக்குறாரு."

"அது மூச்சில்லம்மா. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அமுக்கச் சொல்லுங்க. பழக்கம் இல்லாட்டியும் பரவாயில்ல. ஆழமா, வேகமா."

மாப்பிள்ளை அமுக்கினார். குஷன்காரரின் கண் சோபாவின் மேல் இருந்தது. ஒவ்வொரு அமுக்குக்கும் ஸ்பாஞ்சுதான் இறங்கி எழுந்தது; நெஞ்சு இறங்கவேயில்லை. முதல்தரச் சரக்கு அது. எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் தானே வாங்கிக்கொள்ளும்.

"தள்ளுங்க மாப்ள! அவரைத் தரையில போடணும்."

"எங்கப்பாவை வெறுந்தரையிலயா, மாமா?"

"மரியாதை தெரியாத மனுஷன்!" என்று சம்பந்தியம்மாள் அலறினார்.

"மரியாதையை அப்புறம் பாத்துக்கலாம் சம்பந்தியம்மா. என் சோபா அவரு உசிரைக் குடிச்சிட்டு இருக்கு!"

யார் சம்மதத்துக்கும் காத்திராமல் தாமே இழுத்து இறக்கினார். "தரைதான் சரி," என்றது போன் குரல். முழங்கையை மடக்காமல், தோளின் பாரம் முழுதும் உள்ளங்கையில் இறங்க, இரண்டு அங்குலம் அமுக்கினார். முழுக்க எழும்பவிட்டு மறுபடி அமுக்கினார். குரல் எண்ணியது. எங்கோ 'மடக்' என்றது.

மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்தார். "எலும்பு உடையுது, நிறுத்துங்க!"

"எலும்பு ஒட்டும். கையை விடுங்க. எனக்கு மூச்சு வாங்கினா நீங்க வரணும். அப்பான்னு பாவம் பாக்காதீங்க!"

மாறி மாறி அமுக்கினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஷாக் கொடுத்ததும் அந்த நெஞ்சு தானாகத் துடித்தது.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்பந்தி முனகினார். "மூணு எலும்பாமே?"

"முப்பதானாலும் விட்டிருக்க மாட்டேன்."

"சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது."

இப்போது கடை வாசலில், பலகையில் ஸ்பிரிங் பதித்த ஒரு திண்டு தரையில் கிடக்கிறது. சரியாக இரண்டு அங்குலம் இறங்கினால் 'டக்' என்னும். முட்டி போட்டு நூறு தடவை அமுக்காத எவருக்கும் குஷன்காரர் சோபா காட்டுவதில்லை.

"நீங்க என்ன டாக்டரா?" என்று ஒரு வாடிக்கையாளர் முறைத்தார்.

"இல்ல. அதோ உக்காந்து எண்ணுறாரே, அவரைத் தரையில போட்டவன். முட்டி போடுங்க."

அவர் முட்டி போட்டு அமுக்கினார்; 'டக்' கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து தலைமையாசிரியர் அதட்டினார். "இது பத்தாது! ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க."